பதினோரு நாள் கழித்துத்தான் தெரிந்தது: எங்கள் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மனிதவளப் பிரிவின் தலைவருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

சென்ற திங்கட்கிழமை மாலை ஆறே காலுக்கு உங்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் எல்லோருக்கும் ‘ஈடுபாட்டு மதிப்பெண்’ போடப்படும். எல்லா மீட்டிங்கிலும் கேமரா போட்டிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை விளையாட்டு நிகழ்ச்சிக்கு வருகைப் பதிவு உண்டு. இந்த மதிப்பெண் அப்ரைசலில் சேரும். கடைசிப் பத்தியில், டீம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் கூடுவதற்குக் கொடுத்துவந்த பயணப்படி இனிமேல் கிடையாது என்று இருந்தது.

நான் இந்த நிறுவனத்தில் பதின்மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தபோது வேளச்சேரியில் வாடகை வீட்டில் இருந்தேன். ஜூன் மாதம் இ-பாஸ் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு கோவில்பட்டி வந்தேன். அன்றிலிருந்து மாடி அறைதான் ஆபீஸ். மென்பொருள் சோதனைப் பிரிவில் ஒன்பது பேர் உள்ள ஒரு டீமுக்கு லீட்.

இதை உள்ளுக்குள்ளேயே எழுதிக் கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் ஒரு டிக்கெட் எண் வந்தது. மூன்றாம் நாள் அந்த டிக்கெட் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடப்பட்டது. நடுவில் ஒருவர்கூட என்னிடம் பேசவில்லை. அதனால் வெளியே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. அதன் பேரைக் கெடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. என் வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையால்தான். இதே மாதிரி மதிப்பெண்ணை யோசித்துக்கொண்டிருக்கும் மற்ற நிர்வாகங்களும் படித்தால் நல்லது என்பதும் ஒரு காரணம்.

உங்கள் மதிப்பெண் முறையை இரண்டு மாதம் சோதனையாக ஓட்டிய மூன்று டீம்களில் எங்களுடையதும் ஒன்று. அந்த இரண்டு மாதத்தில் என் டீமில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

அது ஒரு புதன்கிழமை. கேமரா கட்டாயம் என்ற விதி சோதனையில் சேர்ந்த முதல் நாள். ரிலீசுக்கு முந்தின மீட்டிங்குக்காக நாங்கள் ஒன்பது பேரும் உள்ளே வந்துவிட்டோம், வாடிக்கையாளர் தரப்பிலிருந்து இன்னும் யாரும் வரவில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலை பார்க்கும் தம்பி ஒருவர், மொட்டைத் தலையோடு இருந்தார். முடி லேசாக முளைத்திருந்தது. நான்தான் கேட்டேன்: “என்ன தம்பி, திருப்பதி போயிட்டு வந்தீங்களா?”

மைக்கைப் போட அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. “இல்லக்கா. அப்பா தவறிட்டாரு.”

எப்போது என்று கேட்டேன். “இன்னையோட பதினோரு நாள்.”

திரையில் யாரும் அசையவில்லை. அதற்குள் வாடிக்கையாளர் தரப்பு ஆள் உள்ளே வந்து வணக்கம் சொன்னார். மீட்டிங் தொடங்கிவிட்டது. தம்பி தன் முறை வந்ததும், ஏழு டெஸ்ட் கேஸ் பாக்கி இருக்கிறது, சாயங்காலத்துக்குள் முடித்துவிடுவேன் என்று தெளிவாகச் சொன்னார். முடித்தும் கொடுத்தார்.

மீட்டிங் முடிந்ததும் ஃபோன் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வயலில் மோட்டார் கொட்டகைப் பக்கம் விழுந்த அப்பா எழுந்திருக்கவில்லை. அன்று மத்தியானம் தம்பி எனக்கு அனுப்பிய செய்தி இன்னும் என் ஃபோனில் இருக்கிறது: “அக்கா, ஊர்ல கொஞ்சம் வேலை, மூணு நாள் லீவ் வேணும்.” நான் கடையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். “ஓகே தம்பி” என்று போட்டேன். நின்ற இடத்திலேயே ஃபோனில் லீவை அப்ரூவ் செய்தேன். என்ன வேலை என்று கேட்கவில்லை. அதை நினைத்து நான் படும் வருத்தத்தை இங்கே விரித்து எழுதப்போவதில்லை, ஆனால் அது என் தவறு என்பதை மறைக்கவும் மாட்டேன்.

ஏன் தம்பி சொல்லவில்லை என்று கேட்டேன். “யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலக்கா. குரூப்ல போட்டா எல்லாரும் ஆர்.ஐ.பி.ன்னு போடுவாங்க. அதைப் பாக்க முடியாதுன்னு தோணிச்சு” என்றார்.

அன்று இரவு நீங்கள் எங்களைப் போன்ற லீட்களுக்குத் திறந்துவிட்டிருக்கும் அந்த மதிப்பெண் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். தம்பியின் வரிசை பச்சையாக இருந்தது. 100க்கு 92. டீமிலேயே இரண்டாவது இடம். லீவு முடிந்து வந்த நாளிலிருந்து ஒரு மீட்டிங் தவறவில்லை. அப்பா போன ஆறாம் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று சாயங்காலம் பின்னணி இசையைக் கேட்டுப் படத்தின் பெயர் சொல்லும் விளையாட்டு வைத்திருந்தீர்கள். அதிலும் இருந்திருக்கிறார். இரண்டு படத்துக்குச் சரியாகப் பதில் சொல்லியிருக்கிறார். பிறகு ஒருநாள் கேட்டபோது, “வரலைன்னா மைனஸ்னு போட்டிருந்துச்சேக்கா” என்று மட்டும் சொன்னார்.

நிர்வாகம் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். துக்க வீட்டில் உட்கார்ந்து, அடுத்த அறையில் அம்மா இருக்கும்போது, ஹெட்போனை மாட்டிக்கொண்டு படத்தின் பெயரைச் சொன்ன ஒரு பையனை உங்கள் கணக்கு ‘நன்றாக இணைந்திருப்பவர்’ என்று காட்டியிருக்கிறது. அந்த மாதம் எங்கள் டீமின் சராசரி மேலே போனதற்குப் பாராட்டி உங்களிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சலும் வந்தது.

கேமரா போட்டதால்தானே அதுவாவது தெரிந்தது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கேமரா மொட்டையைக் காட்டியது. அதற்கு முந்தின பத்து நாளில் ஒருவராவது அவரைக் கூப்பிட்டு, “என்னப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு” என்று கேட்டிருந்தால் கேமராவே தேவைப்பட்டிருக்காது. அப்படிக் கேட்கிற பழக்கம் எங்களுக்கு இருந்தது. அது எப்படிப் போனது என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

2016இல் என் மாமியார் கோவில்பட்டியில் தவறியபோது நான் யாருக்கும் தனியாகச் சொல்லவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த தோழியிடம் மட்டும் ஒரு வரி சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மறுநாள் விடிகாலை ஒரு டெம்போ டிராவலர் எங்கள் தெருமுனையில் வந்து நின்றது. சென்னையிலிருந்து ராத்திரி முழுக்கப் பிரயாணம் செய்து பதினோரு பேர் துட்டி கேட்க வந்திருந்தார்கள். அதில் இரண்டு பேரோடு நான் அதற்கு முன் சரியாகப் பேசியதுகூட இல்லை. மாலையைப் போட்டார்கள், திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்தார்கள், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்கள். மறுநாள் அத்தனை பேரும் வேலைக்கு வந்திருந்தார்கள். அந்தப் பதினோரு பேரில் ஒருவருக்காக நான் எத்தனை சனி, ஞாயிறு வேலை பார்த்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கு தெரியாது. யாரும் என்னிடம் கேட்கவும் வேண்டியிருக்கவில்லை.

சரி, அதற்காக எல்லோரும் ஆபீசுக்குத் திரும்பி வாருங்கள் என்று தயவுசெய்து இதற்குப் பதில் சொல்லிவிடாதீர்கள். என் பயமே அதுதான். என் மாமனாருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். விடிகாலையில் அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு எட்டரைக்குள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன். என் டீமில் ஒருவருக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை. இன்னொருவருக்கு நடக்க முடியாத அக்கா. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஏற்பாடு இல்லாவிட்டால் எங்களில் பாதிப் பேர் வேலையில் இருக்க மாட்டோம். எங்களுக்கு இந்த ஏற்பாடு வேண்டும். ஆனால் இதில் தனியாக விடப்படக் கூடாது.

தனியாக விடப்படுவது என்றால் என்ன என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். 2023இல் சிவகாசிப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து ஒரு பெண் எங்கள் டீமில் சேர்ந்தாள். லேப்டாப் கூரியரில் போனது. அறிமுகப் பயிற்சி எல்லாம் வீடியோவில். இரண்டாம் வாரம் ஒரு சின்ன வேலை கொடுத்திருந்தேன். அரை நாள் வேலை, மூன்றாம் நாளும் முடியவில்லை. அன்று தற்செயலாக அவளுடைய சாட்டைத் திறந்து வைத்திருந்தேன். ‘டைப் செய்கிறார்’ என்று வந்தது. நின்றுவிட்டது. மறுபடி வந்தது, மறுபடி நின்றது. நாலைந்து தடவை அப்படி ஆனது. ஒரு எழுத்துகூட வந்து சேரவில்லை.

நானே ஃபோன் செய்து திரையைக் காட்டச் சொன்னேன். சர்வர் முகவரியில் ஒரு எண் தப்பாக இருந்தது. மாற்ற இருபது நொடி ஆகவில்லை. ஆபீசில் இருந்திருந்தால் அவள் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு போகிற யாரோ ஒருவர், “ஏம்மா, இன்னும் அந்தப் பழைய சர்வரையா அடிக்கிற?” என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். வீட்டில் இருக்கும் புதுப் பெண்ணுக்குப் பின்னால் யாரும் நடந்து போவதில்லை. “கேட்டா, இதுகூடத் தெரியாதான்னு நெனைச்சிருவீங்களோன்னு பயந்தேன் மேடம்” என்றாள். ஏழாவது மாதம் ராஜினாமா செய்தாள். வெளியேறும் நேர்காணலில் ‘சிறந்த வாய்ப்பு’ என்று காரணம் எழுதியிருந்தாள். வேலை எதுவும் கிடைத்து அவள் போகவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அவள் போன பிறகு நாங்களாக இரண்டு காரியம் செய்தோம். இரண்டுக்கும் நிர்வாகத்திடம் அனுமதியும் கேட்கவில்லை, பாராட்டும் கேட்கவில்லை. பலன் தந்தவை என்பதால் இப்போது சொல்கிறேன்.

ஒன்று, மூன்றரை மணி லைன். தினமும் மத்தியானம் மூன்றரையிலிருந்து நாலு மணி வரை ஒரு மீட்டிங் திறந்தே இருக்கும். நிகழ்ச்சி நிரல் கிடையாது, வருகைப் பதிவு கிடையாது, கேமரா வேண்டாம். டீ குடித்துக்கொண்டே இருக்கலாம். பேசாமலும் இருக்கலாம். முதல் இரண்டு வாரம் நானும் இன்னொருவரும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் வாரம் ஒருவர் வந்து, தன் பையனுக்கு எந்தப் பள்ளியிலும் இடம் கிடைக்கவில்லை என்று சொன்னார். அப்புறம் வேலையில் இருக்கும் சந்தேகங்கள் வர ஆரம்பித்தன. சாட்டில் எழுதக் கூச்சப்படுகிற கேள்விகள் எல்லாம் அந்த அரை மணி நேரத்தில்தான் வந்தன. இப்போதெல்லாம் ஐந்தாறு பேர் எப்போதும் இருக்கிறார்கள். உங்கள் மதிப்பெண் முறை வந்ததும் இந்த லைனை என்ன செய்தது தெரியுமா? நிகழ்ச்சி நிரல் இல்லாத மீட்டிங் என்பதால் ‘பயனற்ற நேரம்’ என்று கணக்கில் எடுத்து, வந்த எல்லோருக்கும் மதிப்பெண்ணைக் குறைத்தது. தம்பி அந்த வாரம் மூன்றரை மணி லைனுக்கு வராததற்கும் இதுதான் காரணம். லைனுக்கு வந்திருந்தால் முதல் நாளே அவர் குரலில் எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று, திருச்சி. நீங்கள் கொடுத்துவந்த பயணப்படியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் திருச்சியில் கூடினோம். தெற்கிலிருந்தும் கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் எல்லோருக்கும் நடு ஊர். மத்திய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜின் சின்ன ஹால். பயணம், ஹால், மத்தியானச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 2,000 ரூபாயைத் தாண்டாது. ரசீதுகள் உங்கள் கணக்குப் பிரிவில் இருக்கின்றன.

அந்தச் செலவில் என்ன கிடைத்தது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். போன வருடம் ஒரு வங்கியின் கணக்கில் சில பரிவர்த்தனைகள் தப்பான மாதத்தில் போய் விழுந்துகொண்டிருந்தன. ஐந்து வாரம் எங்கள் டீமும் டெவலப்பர் டீமும் மாறி மாறிக் குற்றம் சொல்லி மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு மின்னஞ்சலிலும் மேலே இருக்கிற பத்துப் பேருக்கு நகல். அந்த முறை டெவலப்பர் டீமிலிருந்து இரண்டு பேரையும் திருச்சிக்குக் கூப்பிட்டிருந்தோம். சாப்பிடும்போது எங்கள் டீம் பெண் ஒருத்தி, “அது என்னவோ மாசத்துல முதல் பன்னெண்டு நாள்தான் வருது, அப்புறம் வர்றதில்ல” என்று பேச்சுவாக்கில் சொன்னாள். எதிரே இருந்த டெவலப்பர் கையில் சோற்றோடு அப்படியே நிமிர்ந்து பார்த்தார். ஒரு பக்கம் நாளை முதலில் எழுதுகிறது, இன்னொரு பக்கம் மாதத்தை முதலில் படிக்கிறது. 12ஆம் தேதி வரை இரண்டும் செல்லுபடியாகும். 13லிருந்து அப்படி ஒரு மாதமே கிடையாது என்பதால் மென்பொருளே திருத்திக்கொண்டுவிடுகிறது. கையைக் கழுவிவிட்டு வந்து பில்லின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். மறுநாள் சரியானது. அவள் அந்தப் பன்னிரண்டு நாள் சங்கதியை ஐந்து வாரத்தில் ஏன் எழுதவில்லை? பத்துப் பேருக்கு நகல் போகிற மின்னஞ்சலில், உறுதியாகத் தெரியாத ஒன்றை எழுத அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. சாப்பாட்டு மேசையில் வந்தது.

உங்கள் மின்னஞ்சலில் ‘ஆய்வுகள் காட்டுவதுபோல’ என்று ஒரு வரி இருக்கிறது. எந்த ஆய்வு என்று இல்லை. நான் தேடிப் படித்தவற்றைச் சொல்கிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சீனாவில் சிட்ரிப் என்ற பயண நிறுவனம், ஷாங்காயில் இருக்கும் தன் கால் சென்டரில் 2010 டிசம்பரில் ஒரு சோதனை தொடங்கியது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் புளூம் குழு அதை ஆராய்ந்தது. விரும்பிக் கேட்டவர்களில் குலுக்கல் முறையில் ஒரு பகுதியினர் ஒன்பது மாதம் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள். வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போவது பாதியாகக் குறைந்தது. இதுவரை எல்லோரும் சொல்வார்கள். சோதனை முடிந்து, இனி உங்கள் இஷ்டம் என்று விட்டபோது, கலந்துகொண்டவர்களில் பாதிக்கு மேல் தங்கள் முடிவை மாற்றிக்கொண்டார்கள். வீட்டிலிருந்து ஆபீசுக்குத் திரும்பியவர்கள் சொன்ன முக்கியமான காரணம் தனிமை. அதோடு, ஒரே அளவு வேலை செய்தவர்களில் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகக் கிடைத்திருந்தது. கண்ணில் படாதவர் நினைவில் இருப்பதில்லை. பிறகு அதே நிறுவனத்தில் 1,600க்கும் மேற்பட்டவர்களிடம், வாரம் இரண்டு நாள் மட்டும் வீடு என்ற ஏற்பாட்டைச் சோதித்து 2024இல் வெளியிட்டார்கள். அதில் பதவி உயர்வில் வித்தியாசம் தெரியவில்லை, ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. முகம் பார்க்கிற வழி திறந்திருந்ததுதான் அந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

மைக்ரோசாஃப்ட் தன்னுடைய அமெரிக்க ஊழியர்கள் 61,000க்கும் மேற்பட்டோரின் தகவல் தொடர்பை, 2020இன் முதல் ஆறு மாதத்துக்கு ஆராய்ந்து வெளியிட்டது. எல்லோரும் வீட்டுக்குப் போனதும், ஒவ்வொரு குழுவும் தனக்குள் இறுகிக்கொண்டது, குழுக்களுக்கு நடுவே இருந்த பாலங்கள் குறைந்தன, நேரடியாகப் பேசுவது குறைந்து எழுதி அனுப்புவது கூடியது. எங்கள் ஐந்து வார மின்னஞ்சல் சண்டை அப்படியே இதுதான். வெள்ளிக்கிழமை விளையாட்டும் கேமராவும் இந்தப் பாலத்தைக் கட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. விளையாட்டில் நாங்கள் அதே ஒன்பது பேர்தான் இருக்கிறோம்.

போர்ச்சுகல் 2021 டிசம்பரில் கொண்டுவந்த தொலைவேலைச் சட்டத்தில், ஊழியரின் தனிமையைக் குறைப்பது முதலாளியின் கடமை என்றே எழுதியிருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால், இரண்டு மாதத்துக்கு மிகாத இடைவெளியில் அவர் மேலதிகாரிகளையும் உடன் வேலை செய்பவர்களையும் நேரில் சந்திக்க வழி செய்ய வேண்டும். அங்கே சட்டம் கேட்பதைவிடக் குறைவாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் நமக்கு இருந்தது. அதைத்தான் நீங்கள் நிறுத்துகிறீர்கள்.

மதிப்பெண்ணுக்கு வெளியே இருக்கும் எங்கள் வீடுகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே மாதத்தில் ஒருநாள் துணை மின்நிலையப் பராமரிப்புக்காகக் காலையில் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வரும். முன்கூட்டியே பேப்பரில் போடுவார்கள். இன்வெர்ட்டர் மூன்று மணி நேரம் தாங்கும். பிறகு ஃபோன் ஹாட்ஸ்பாட், லேப்டாப் பேட்டரி. அன்று நாங்கள் வழக்கத்தைவிடப் படாதபாடு பட்டு வேலை பார்க்கிறோம். ஆள் இருக்கிறாரா என்று திரையில் காட்டும் புள்ளி மஞ்சளாகி மஞ்சளாகி அன்றைய மதிப்பெண் பாதாளத்துக்குப் போகிறது. என் டீமில் சென்னையிலேயே இருக்கும் ஒருவருக்கு ஒரே அறை வீடு, ஐந்து பேர். கேஸ் சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆறு வருடம் பழைய அந்த லேப்டாப்பில் பின்னணியை மறைக்கும் வசதியைப் போட்டால் மற்றதெல்லாம் நின்றுவிடும். கேமரா போடச் சொன்ன அன்று அவருடைய அம்மா ஒரு மணி நேரம் வாசல்படியில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள்ளே மகனுடைய ஆபீஸ் நடக்கிறதாம். இதைச் சொல்லும்போது அந்த மனிதரின் குரல் உடைந்தது.

இனி, நான் கேட்பவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஈடுபாட்டு மதிப்பெண்ணை அப்ரைசலில் சேர்க்கும் முடிவை, முதல் தேதி வருவதற்கு முன் திரும்பப் பெறுங்கள். சோதனை நடந்த மூன்று டீம்களையும் ஒரு மணி நேரம் உட்காரவைத்து, நீங்களே நேரில் கேளுங்கள். கேள்விப் படிவம் அனுப்ப வேண்டாம். கேமராவை வாடிக்கையாளர் சந்திப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், மற்ற நேரத்தில் அவரவர் விருப்பத்துக்கு விடுங்கள். வெள்ளிக்கிழமை விளையாட்டு நடக்கட்டும், பலருக்கு அது பிடித்திருக்கிறது. வருகைப் பதிவை மட்டும் எடுத்துவிடுங்கள்.

மூன்று மாதப் பயணப்படியைத் திரும்பக் கொடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு முறையும் பக்கத்து டீமிலிருந்து இரண்டு பேராவது வரவேண்டும் என்று விதி வையுங்கள். பணம் இல்லை என்றால் அந்த மதிப்பெண் மென்பொருளுக்கு ஆளுக்கு எவ்வளவு கட்டுகிறீர்கள் என்பதை வெளியிடுங்கள், சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாம். ஊர் ஊராக ஹால் தேட வேண்டாம் என்றால் ஐ.டி. நிறுவனங்களுக்காக அரசு கட்டியிருக்கும் நியோ டைடல் பூங்காக்கள் இருக்கின்றன. விழுப்புரத்தில் 2024 பிப்ரவரியில் திறந்தார்கள், தஞ்சாவூரிலும் சேலத்திலும் அதே வருடம் செப்டம்பரில், தூத்துக்குடியில் டிசம்பரில். நம் ஊழியர்கள் எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உங்களிடம் பட்டியல் உண்டு. ஒவ்வொரு வட்டாரத்திலும் நாலைந்து இருக்கை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தால், கரண்ட் போன அன்றைக்கும், வீட்டில் உட்கார முடியாத அன்றைக்கும், மனிதர் முகம் பார்க்கத் தோன்றிய அன்றைக்கும் போய்க்கொள்வோம். 2020 மார்ச்சில் தொலைத்தொடர்புத் துறை வீட்டிலிருந்து வேலை பார்க்க விதிகளைத் தளர்த்தியபோது நீங்கள் ஒரே வாரத்தில் எங்கள் எல்லோருக்கும் லேப்டாப் அனுப்பினீர்கள். அதை நான் மறக்கவில்லை. மனது வைத்தால் உங்களால் முடியும்.

புதிதாகச் சேர்கிறவர்களின் முதல் இரண்டு வாரம் வீட்டில் வேண்டாம். லீட் இருக்கும் ஊருக்கே அவர்களை வரவழையுங்கள், அல்லது எங்களை அவர்கள் ஊருக்கு அனுப்புங்கள். அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு மூத்தவரைப் பொறுப்பாக்கி, அந்த மூத்தவரின் வேலை நேரத்தில் தினமும் அரை மணியை அதற்கென்றே ஒதுக்குங்கள். கூடுதல் வேலையாகத் தலையில் வைத்தால் யாராலும் செய்ய முடியாது.

என்னைப் போன்ற லீட்களிடமும் நீங்கள் ஒன்று கேட்க வேண்டும். திடீரென்று மூன்று நாள் லீவு கேட்டு வரும் எந்தச் செய்தியையும், ஒரு ஃபோன் பேசாமல் அப்ரூவ் செய்யக் கூடாது. அதை விதியாகவே போடுங்கள். காரணம் சொல்லச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம், நல்லாருக்கீங்களா என்று ஒரு வார்த்தை போதும். துக்க லீவு மூன்று நாள் என்பதைப் பதினாறாம் நாள் காரியம் வரை நீட்டுங்கள். சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை, வேலையில் இருந்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடி இருக்கக் கூடாது. அந்த மாதத்துக்கான தம்பியின் 92 மதிப்பெண்ணை உங்கள் பதிவிலிருந்து நீக்கிவிடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எட்டுப் பேரும் தம்பி வீட்டுக்குப் போகிறோம். அவரவர் செலவில்தான். காரியம் முடிந்துவிட்டது, ஆனாலும் அவருடைய அம்மாவைப் பார்த்துவிட்டு வர வேண்டும். காலை ஒன்பது மணிக்கு உளுந்தூர்பேட்டை டோல்கேட் பக்கத்தில் எல்லோரும் சேர்ந்து, அங்கிருந்து ஒரே வண்டியில் கள்ளக்குறிச்சிப் பக்கம் போவதாக ஏற்பாடு. பன்னிரண்டு பேர் உட்காரும் வண்டி பேசியிருக்கிறோம். நிர்வாகத்திலிருந்து யாராவது ஒருவர் எங்களோடு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை இரவுக்குள் எனக்கு ஒரு ஃபோன் செய்து சொன்னால் போதும்.

சோதனைப் பிரிவு டீம் லீட்,
கோவில்பட்டி